ஆட்டோவை நம்ப முடியாத பழைய சூப்பர் 8 கேமராவில் எக்ஸ்போஷரைக் கையால் வைப்பது எப்படி?

கேட்கப்பட்டது இது: 1970-களைச் சேர்ந்த ஒரு சூப்பர் 8 கேமரா (8 மி.மீ. ஃபிலிமில் வீட்டுப் படம் எடுக்கும் மூவி கேமரா) கைக்கு வந்திருக்கிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் வியூஃபைண்டருக்குள் தெரியும் அப்பர்ச்சர் ஊசி (அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துளையின் அளவு) ஒரு நாள் ஒரு எண்ணைக் காட்டுகிறது, மறுநாள் அதே வெயிலில் வேறு எண்ணைக் காட்டுகிறது. கோடக் 50 டேலைட் கார்ட்ரிட்ஜ் (பகல் வெளிச்சத்துக்கான, வேகம் 50 உள்ள ஃபிலிம்) ஒன்று வாங்கியாகிவிட்டது. மேனுவலுக்கு மாற்றினால் எந்த எண்ணில் வைப்பது?

நேரடியான பதில்: நிழல் கூர்மையாக விழும் நல்ல வெயில், வெளிச்சம் முகத்தில் படுகிறது, வினாடிக்கு 18 பிரேம் என்றால் எஃப் 11 (எஃப் எண் கூடினால் துளை சின்னதாகும், வெளிச்சம் குறையும்). இதை வைத்துக்கொண்டு நாளைக்கே படம் பிடிக்கலாம். ஆனால் அந்த 11 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மேகம் வரும்போதும் வராந்தாவுக்குள் போகும்போதும் வேறு ஃபிலிம் போடும்போதும் கை தடுமாறாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டில் கேமராவில் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் இரண்டையும் மாற்றலாம். மூவி கேமராவில் ஷட்டர் வேகம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஃபிலிமுக்கு முன்னால் ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. அதில் வெட்டி எடுத்த பகுதி எத்தனை டிகிரி என்பதும், வினாடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்பதும் சேர்ந்துதான் ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் பார்க்கிறது என்பதை முடிவு செய்கின்றன. ஃபிலிமின் வேகம், அதாவது அது வெளிச்சத்துக்கு எவ்வளவு உணர்வுள்ளது என்பது, கார்ட்ரிட்ஜில் எழுதியிருக்கிறது. ஆக, உங்கள் கையில் மிச்சம் இருப்பது அப்பர்ச்சர் துளையைத் திறந்து மூடும் ஐரிஸ் ஒன்றுதான். ஒரே ஒரு எண்ணை ஒரு தடவை கண்டுபிடித்து கேமராவின் அடியில் ஒட்டி வைத்துக்கொண்டால், அப்புறம் எல்லாமே அப்பர்ச்சர் கணக்குதான். அந்த எண், உங்கள் கேமராவின் உண்மையான ஷட்டர் நேரம்.

கணக்கு எளிது. பிரேம் வேகத்தை 360-ஆல் பெருக்கி, ஷட்டர் கோணத்தால் வகுக்க வேண்டும். கோணம் 150 டிகிரி, 18 பிரேம் என்றால் 43 வருகிறது. அதாவது 1/43 வினாடி. அதே கேமரா 24 பிரேமில் ஓடினால் சுமார் 1/58. கோணம் கேமராவின் கையேட்டில் இருக்கும். சாதாரண சூப்பர் 8 கேமராக்களில் 150-ஐ ஒட்டித்தான் பெரும்பாலும் பார்க்கலாம். பெயரில் எக்ஸ்எல் என்று இருந்தால், அது குறைந்த வெளிச்சத்துக்காக 220 டிகிரி வரை அகலமாக வெட்டிய ஷட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது 18 பிரேமில் கிட்டத்தட்ட 1/30. கேனான் 1014 எக்ஸ்எல்-எஸ் போன்ற சிலவற்றில் 150, 220 இரண்டையும் மாற்றிக்கொள்ளும் சுவிட்சே உண்டு. அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் படம் எடுத்தால் அரை ஸ்டாப்புக்கு மேல் தவறிவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது).

பலர் 1/43-ஐ அப்படியே வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டரில் வைத்துவிட்டு, படம் கொஞ்சம் அண்டராக, அதாவது வெளிச்சம் போதாமல், வருகிறதே என்று குழம்புகிறார்கள். காரணம் வியூஃபைண்டர். ரிஃப்ளெக்ஸ் வகையில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கை ஒரு பிரிசம் பிரித்து உங்கள் கண்ணுக்கும் மீட்டருக்கும் அனுப்புகிறது. ஃபிலிமுக்குப் போவது மிச்சம்தான். கேமராவின் உள் மீட்டர் இதைத் தெரிந்து வைத்திருக்கிறது, கையில் இருக்கும் வெளி மீட்டருக்குத் தெரியாது. இழப்பு கேமராவுக்குக் கேமரா மாறும். மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை என்று எடுத்துக்கொள்ளலாம். இதை ஒவ்வொரு தடவையும் மனக்கணக்காகக் கூட்டுவதைவிட, ஷட்டர் எண்ணிலேயே சேர்த்துவிடுவது நல்லது. பழைய 16 மி.மீ. போலெக்ஸ் ரிஃப்ளெக்ஸ்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்: 24 பிரேமில் உண்மையான நேரம் 1/65, ஆனால் மீட்டரில் வைப்பது 1/80. உங்கள் 150 டிகிரி சூப்பர் 8-க்கு மீட்டரில் 18 பிரேமுக்கு 1/60, 24 பிரேமுக்கு 1/80 என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எல் என்றால் 18 பிரேமுக்கு 1/40. இதைத்தான் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

சரி, இனி அந்த 11. வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் நேரம் ஃபிலிம் வேகத்தின் தலைகீழ் என்பது ஸ்டில் எடுக்கும் எல்லோருக்கும் தெரிந்த பழைய விதி. 50 ஃபிலிமுக்கு எஃப் 16, 1/50. நம் எண் 1/60 என்பதால் 16-க்கு ஒரு நூல் திறந்து 14, 15 என்று வருகிறது. அதையும் தாண்டி 11-க்குத் திறக்கச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் வாங்கியிருப்பது நெகட்டிவ். கோடக்கின் விஷன் 3 நெகட்டிவ்கள் ஓவரை, அதாவது கூடுதல் வெளிச்சத்தை, நன்றாகத் தாங்கும். இரண்டு ஸ்டாப் ஓவரானாலும் ஸ்கேனில் மீட்டுவிடலாம். அண்டரானால் நிழல் பகுதியில் பதிவே இருக்காது, இல்லாததை ஸ்கேனரால் கொண்டுவர முடியாது. அதோடு சூப்பர் 8 பிரேம் ஆறு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அண்டரான நெகட்டிவை அவ்வளவு சின்ன பிரேமிலிருந்து இழுத்து வெளிச்சமாக்கினால் கிரெய்ன் (ஃபிலிமின் மணிகள்) கொதிப்பதுதான் கண்ணில் படும். எனவே நெகட்டிவுக்கு எப்போதும் முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் தாராளமாகக் கொடுங்கள்.

எக்டாக்ரோம் 100, டிரை-எக்ஸ் போன்ற ரிவர்சலுக்கு இந்தத் தாராளம் கூடாது. அதில் கேமராவில் ஓடிய ஃபிலிமேதான் புரொஜெக்டரில் ஓடும் படம். வெள்ளை வேட்டியின் மடிப்பு எரிந்துபோனால் போனதுதான், ஃபிலிம் அந்த இடத்தில் வெறும் கண்ணாடிபோல் இருக்கும். அங்கே வெளிச்சமான பகுதிக்கு எக்ஸ்போஷர் வைத்து, நிழல் இருண்டால் இருளட்டும் என்று விட வேண்டும். எக்டாக்ரோமுக்கு வெயிலில் 16-க்கும் 22-க்கும் நடுவில், 22-ஐ ஒட்டி வரும்.

50 டேலைட்டுக்கு 11 என்பதிலிருந்து மற்ற வெளிச்சங்கள் படிப்படியாக இறங்கும். நிழலின் விளிம்பு மங்கலாகத் தெரிகிறதா, 8. நிழலே தெரியவில்லை ஆனால் வானம் வெளிச்சமாக இருக்கிறதா, 5.6. மழைக்கு முன் இருட்டிக்கொண்டு வரும் மேகம், 4. திறந்த வானத்துக்குக் கீழே கட்டட நிழலில் ஆள் நிற்கிறார், 2.8. கடற்கரை மணலில் வெயிலோடு என்றால் மேலே போய் 16. வானத்தைப் பார்க்காதீர்கள், தரையில் விழும் நிழலைப் பாருங்கள். வானத்தில் பாதி மேகம் இருந்தாலும் சூரியனை எதுவும் மறைக்கவில்லை என்றால் அது வெயில்தான். உச்சி வெயில் மட்டும் தனிக் கதை. நம் ஊரில் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. தரை 11 கேட்கும், ஆனால் புருவத்துக்குக் கீழே கண் குழி கறுத்துப்போகும். முகம்தான் முக்கியம் என்றால் 8-க்குத் திறக்கலாம், நெகட்டிவ் தாங்கும். அதைவிட, நாலு மணி வரை பொறுத்திருந்து எடுப்பது மேல்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு முக்கியமான சந்தேகம்: மேனுவலில் நீங்கள் வைக்கும் எண்ணுக்கு ஐரிஸ் உண்மையிலேயே அசைகிறதா? சில கேமராக்களில் குமிழைத் திருப்பினால் இயந்திர இணைப்பால் தகடு நகரும். வேறு சிலவற்றில் மேனுவல் குமிழும் மீட்டரின் பேட்டரியைக் கொண்டு ஒரு சின்ன மோட்டாரைத்தான் ஓட்டுகிறது. மீட்டர் பேட்டரி செத்திருந்தால் மேனுவலும் செத்தது. பார்ப்பதற்கு ஒரு வழி: கார்ட்ரிட்ஜ் இல்லாமல் கதவைத் திறந்து வையுங்கள். சூப்பர் 8-ல் ஃபிலிமை அழுத்தும் தட்டு கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால், ஃபிலிம் வெளிச்சம் பார்க்கும் இடமான கேட்டின் சின்னச் சதுர ஜன்னல் மறைப்பில்லாமல் தெரியும். அதற்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸைப் பிரகாசமான ஜன்னலை நோக்கி வைத்து மோட்டாரை ஓட்டுங்கள். ஷட்டர் படபடவென்று வெட்டும் நடுவே வெளிச்சம் தெரியும். குமிழை 4-லிருந்து 16-க்குத் திருப்பும்போது அந்த வெளிச்சம் படிப்படியாக மங்க வேண்டும். முன்பக்கமிருந்து லென்ஸுக்குள் பார்த்தால் பல கேமராக்களில் இரண்டு தகடுகள் பூனைக்கண் போல் சுருங்குவதையும் காணலாம். பாதியில் சிக்கி நின்றுவிட்டுத் திடீரென்று குதித்தால், அந்தக் கேமராவை ரிப்பேருக்குக் கொடுக்காமல் ஃபிலிம் போடாதீர்கள்.

ஊசி நாளுக்கு ஒன்று காட்டுவதற்கும் பேட்டரியே காரணமாக இருக்கலாம். அந்தக் காலத்துப் பல மீட்டர்கள் பிஎக்ஸ் 625 என்ற மெர்க்குரி பட்டன் செல்லுக்காகச் செய்தவை. அது 1.35 வோல்ட், தீரும் வரை அதே வோல்ட்டில் நிற்கும். மெர்க்குரி தடை செய்யப்பட்ட பிறகு அது கிடைப்பதில்லை. கடையில் அதே அளவில் தருவது 1.5 வோல்ட் அல்கலைன். வோல்ட் கூடுதல் என்பதால் மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து ஐரிஸை மூடும். பயன்படுத்தப் பயன்படுத்த வோல்ட் இறங்கும், அதனோடு அளவும் மாறும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட், ஒரு ரப்பர் வளையம் போட்டுப் பொருத்தினால் நன்றாக வேலை செய்யும். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டுத் தீர ஆரம்பித்துவிடும் என்பதால் சில வாரங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இதைப் போட்டுவிட்டு, ஒரே மாதிரி வெளிச்சம் விழும் வெற்றுச் சுவரை ஊசி என்ன சொல்கிறது, போனில் உள்ள லைட் மீட்டர் செயலி 1/60-ல் என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். கேமரா எந்த ஃபிலிம் வேகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறதோ அதையே போன் செயலியிலும் வைக்க வேண்டும். பல கேமராக்கள் கார்ட்ரிட்ஜின் விளிம்பில் உள்ள வெட்டைத் தொட்டு வேகத்தைத் தெரிந்துகொள்கின்றன, அவற்றில் நிறைய 40, 160 என்ற இரண்டு வேகத்தை மட்டுமே அறியும். 50-ஐ 40 என்று எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு ஸ்டாப் ஓவர், நெகட்டிவுக்கு நல்லதே. 100 ரிவர்சலை 160 என்று எடுத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு ஸ்டாப் அண்டர், அது கண்ணில் படும்.

இன்னொரு பொறி, 85 ஃபில்டர். சூப்பர் 8-ல் வீட்டுப் படக்காரர்கள் பெரும்பாலும் ஓட்டியது கோடாக்ரோம் 40. 2005-ல் சூப்பர் 8-க்கு நிறுத்தப்படும் வரை அதுதான் ராஜா. அது டங்ஸ்டன் விளக்குக்கான, அதாவது இழை பல்புக்கான, ஃபிலிம் என்பதால், வெயிலில் எடுக்க ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் ஒன்றைக் கேமராவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உங்கள் 50 டேலைட்டுக்கு அது வேண்டாம். டேலைட் கார்ட்ரிட்ஜைப் போட்டால் அது தானாக விலக வேண்டும், ஆனால் எல்லா கேமராவும் கார்ட்ரிட்ஜைப் படித்து அதைச் செய்வதில்லை. எனவே சூரியன், பல்பு படம் போட்ட சுவிட்சைப் பல்புக்கு வைத்துவிடுங்கள். வெயிலில் பல்பா என்று தயங்க வேண்டாம், பல்பு என்றால் ஃபில்டர் விலகியிருக்கிறது என்று அர்த்தம். விலகாமல் இருந்தால் படம் ஆரஞ்சாக வருவதோடு மூன்றில் இரண்டு ஸ்டாப்பும் போய்விடும். 200 டங்ஸ்டன் போடும் நாளில் தலைகீழ்: வெயிலில் ஃபில்டர் உள்ளே இருக்க வேண்டும், ஃபிலிம் வேகத்தை 125 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 500 டங்ஸ்டன் 320 ஆகும்.

இந்த வேகமான ஃபிலிம்களை வெயிலில் எடுக்கும்போது ஐரிஸ் போதாமல் போகும். டிரை-எக்ஸ் 200-க்கு நம் கணக்கில் எஃப் 29 வருகிறது. 22-ஐத் தாண்டி மூடாத கேமராக்கள் உண்டு. மூடினாலும் அவ்வளவு சின்னத் துளையில் வெளிச்சம் சிதறி, இந்தச் சின்ன பிரேமில் படம் மொழுக்கென்று ஆகிவிடும். நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் 0.6 ஒன்று வாங்கி லென்ஸ் முன்னால் மாட்டினால் இரண்டு ஸ்டாப் குறையும், 14-க்கு வந்துவிடலாம்.

எண்ணைவிட முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன். மீட்டர் சரியாக வேலை செய்தாலும் நான் மேனுவலில்தான் எடுக்கச் சொல்வேன். ஆட்டோ ஐரிஸ் ஷாட்டின் நடுவில் மூச்சு விடும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர் நடந்துபோகிறார், ஐரிஸ் உடனே மூடுகிறது, பாட்டி முகம் இருண்டு மறுபடி வெளுக்கிறது. ஸ்டில்லில் ஒரு படம் தவறினால் அடுத்தது இருக்கிறது. இங்கே அந்த ஏற்ற இறக்கமே பதிவாகிவிடும், எந்த ஸ்கேனரும் அதைச் சுத்தமாக எடுக்காது. பழைய வீட்டுப் படங்களில் ஆட்கள் ஜன்னல் முன் வெறும் நிழலுருவாக நிற்பதும் ஆட்டோவின் வேலைதான். ஒரு ஷாட்டுக்கு ஓர் எண், தொடக்கம் முதல் முடிவு வரை அதே எண். முகம் எங்கே இருக்கிறதோ அந்த வெளிச்சத்துக்கு அந்த எண்.

அதற்கு ஜூமையே ஸ்பாட் மீட்டராக்கலாம், அதாவது ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்க வைக்கலாம். உள் மீட்டர் ஓரளவு சரியாக இருந்தால், டெலி முனைக்கு (தூரத்தைக் கிட்டே காட்டும் முனை) ஜூம் செய்து முகம் மட்டும் பிரேமை நிறைக்கும்படி வைத்து ஊசியைப் படியுங்கள். ஆட்டோவை விட்டு மேனுவலில் அந்த எண்ணை வையுங்கள். அப்புறம் வைடுக்கு வந்து படம் எடுங்கள். மேனுவல் குமிழ் இல்லாத கேமராவில் லாக் பொத்தான் இருந்தால் அதே வேலையை அது செய்யும். மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அது அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கறுத்த முகத்தை அளந்தால் அது காட்டும் எண் முகத்தை இருப்பதைவிட வெளுப்பாக்கும். நெகட்டிவில் பரவாயில்லை, ரிவர்சலில் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் மூடினால்தான் அவர் அவராகத் தெரிவார். ஆள் தூரத்தில் இருந்தால் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளக்கலாம். முக நிறம் ஆளுக்கு ஆள் மாறும் அளவுக்கு உள்ளங்கை மாறுவதில்லை. உங்கள் கை அந்த நடுத்தரச் சாம்பல் நிற அட்டையைவிட எத்தனை ஸ்டாப் வெளிச்சம் என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் போதும், ஆயுளுக்கும் உதவும்.

ட்ரைபாடில் வைத்துவிட்டு நீங்களும் பிரேமுக்குள் போவதாக இருந்தால் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸை மூடுங்கள். கண் இல்லாத ஐபீஸ் வழியாக வெளிச்சம் உள்ளே நுழைந்து மீட்டரை ஏமாற்றும், சில கேமராக்களில் ஃபிலிமையே தொடும். ஸ்லோ மோஷன் பொத்தானைத் தொட்டால் ஐரிஸையும் தொட வேண்டும்: நிசோ கேமராக்களில் உள்ள 54 பிரேம், 18-ஐப் போல மூன்று மடங்கு, எனவே ஒன்றரை ஸ்டாப் திறக்க வேண்டும்.

சூப்பர் 8-க்கு முந்தைய டபுள் 8 கேமரா யாரிடமாவது இருந்தால், அது இன்னும் எளிது. வியூஃபைண்டர் தனியாக இருக்கும் கேமராவில் பிரிசம் இழப்பு இல்லை, லென்ஸ் வளையத்தில் எண்ணை நேராக வைக்கலாம். 16 பிரேமில் 1/35 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலவற்றின் பக்கவாட்டில் வெயிலுக்கு எஃப் 8 என்று அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அது 1950-களின் கோடாக்ரோமுக்கானது, அதன் வேகம் வெறும் 10. இன்றைய 50 ஃபிலிமுக்கு அதை அப்படியே பின்பற்றினால் இரண்டு ஸ்டாப்புக்கும் மேல் ஓவர். அந்த அட்டவணையின் வரிசை சரிதான், ஒவ்வொரு படியையும் இரண்டு ஸ்டாப் மூடிப் படித்தால் இன்றும் உதவும். ஸ்பிரிங் கேமரா என்றால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் முழுதாக முறுக்குங்கள். ஸ்பிரிங் தளர்ந்து வேகம் குறைந்தால் எக்ஸ்போஷர் தானாகக் கூடிவிடும்.

கடைசியாக, முதல் கார்ட்ரிட்ஜின் தொடக்கத்தைச் சோதனைக்குக் கொடுங்கள். 50 அடி, 3600 பிரேம், 18-ல் ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடி. அதில் 15 வினாடி போனால் நஷ்டமில்லை. ஒருவரை வெயிலில் நிறுத்தி, கையில் பெரிதாக எண் எழுதிய தாளைக் கொடுத்து, 5.6, 8, 11, 16, 22 என்று ஒவ்வொன்றிலும் மூன்று வினாடி எடுங்கள். கழுவக் கொடுக்கும்போது இது இசிஎன்-2 முறையில் கழுவ வேண்டிய சினிமா நெகட்டிவ் என்று சொல்லுங்கள், சாதாரண ஸ்டில் லேபில் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்பவரிடம் எல்லா ஷாட்டுக்கும் ஒரே செட்டிங், தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில் ஷாட்டுக்கு ஷாட் சமன் செய்துவிட்டால், ஐந்து எண்ணும் ஒரே மாதிரி வந்து நிற்கும், உங்கள் கேமராவின் 11 உண்மையிலேயே 11-தானா என்பது தெரியாமலே போய்விடும். ஸ்கேன் வந்ததும் கன்னத்தில் நிறமும் தலைமுடியில் இழையும் ஒன்றாகத் தெரியும் எண் எது என்று பாருங்கள். அது 8 என்றால் கேமராவின் அடியில் ஒட்டிய 1/60-ஐ அடித்துவிட்டு அதற்கு ஒரு ஸ்டாப் தள்ளி 1/125 என்று எழுதிக்கொள்ளுங்கள். 16 என்றால் 1/30.